மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: கடிதம் வந்த நாளில் இருந்து நிலுவை கைக்கு வந்த நாள் வரை

கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்று கடிதம் வந்தால் அடுத்த மாதமே காசு வந்துவிடும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை எழுத வேண்டும், ஏனென்றால் நான் அப்படித்தான் நம்பினேன். கடிதம் வந்தது 2024 நவம்பரில், முதல் காசு வந்தது 2025 ஜூலையில், நிலுவை முழுவதும் வந்து முடிந்தது 2025 நவம்பரில். ஒரு வருடம். இலங்கையில், வன்னியில் எங்களைப் போல இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டு திரிகிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எந்த அலுவலகம், எந்த வங்கி என்று போடவில்லை, அங்கே நல்லபடி நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

என் கணவர் 2021 ஆவணியில் மாட்டுக் கொட்டிலுக்கு ஓலை வெட்டப் பனையில் ஏறி விழுந்தவர். எங்கள் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒருவரைக் கண்டால் எல்லாரும் முதலில் கேட்பது "செல் காயமோ?" என்றுதான். 2009 இல் போருக்குள் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் ஒரு கீறலும் இல்லாமல் வந்த மனிசன், பன்னிரண்டு வருடம் கழித்து வீட்டு வளவுக்குள் விழுந்தார். கிளிநொச்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு மூன்று மாதம் பயிற்சி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கை இரண்டும் நல்ல பலம். வாசலில் இருந்தபடியே சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பார், அதில் ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு வந்தால் அது நல்ல நாள்.

தெரியாதவர்களுக்காகக் கொடுப்பனவைப் பற்றிக் கொஞ்சம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற காசு இது. ஒரு காலத்தில் 3,000 ரூபாவாக இருந்தது, பிறகு 5,000, அப்புறம் 7,500. 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டி ஏப்ரலில் இருந்து 10,000 ஆக்கினார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே தொகைதான், முதியோருக்கு 5,000. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு வருகிற அஸ்வெசும என்ற உதவிக் காசு வேறு, இது வேறு. "உங்களுக்குத்தான் அஸ்வெசும வருகுதே, பிறகென்ன?" என்று அயலட்டையில் கேட்டால் குழம்ப வேண்டாம், ஒன்று வருகிறது என்பதற்காக மற்றதைக் கேட்காமல் விட வேண்டியதில்லை. அஸ்வெசுமவுக்கு முன்னம் சமுர்த்தி இருந்த காலத்தில் நாங்களே அப்படி நினைத்து முதல் இரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டோம்.

10,000 காணுமா என்று கேட்டால் காணாது. பெரியவர்களுக்கான பம்பேர்ஸ் பத்து உள்ள ஒரு பை எங்கள் பக்கத்துக் கடையில் 2,000 ரூபாவுக்கு மேல், மாதத்துக்கு மூன்று பை வேண்டும். சிறுநீர்க் குழாயும் பையும் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் தருவார்கள், இல்லாத நாளில் வெளியில் வாங்க வேண்டும். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுகிற துணி, மருந்து, கிளினிக் போகிற ஓட்டோ எல்லாம் அதற்கு மேல். ஆனாலும் மாதம் பிறந்தால் ஒரு தொகை நிச்சயம் வரும் என்பது எங்களைப் போன்ற வீட்டுக்கு மிகப் பெரிய விஷயம், அதனால் தொகையைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை.

விண்ணப்பித்தது 2023 இல். அந்தப் பகுதி எங்களுக்கு நன்றாகவே நடந்தது. ஜீ.எஸ், அதாவது கிராம அலுவலர், ஒரு இளம் பிள்ளை. எந்தெந்தப் போட்டோக் கொப்பி வேண்டும், எதில் யாருடைய கையெழுத்து வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தது. வைத்தியரின் சான்றிதழுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது, அது பரவாயில்லை. சமூக சேவை உத்தியோகத்தர் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்து, கட்டிலைப் பார்த்து, மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறார் என்று கேட்டு, இவரோடு அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுப் போனார். இவர் எழும்ப மாட்டார் என்று தெரிந்து தானே கீழே பாயில் இருந்தார். அதை நாங்கள் மறக்கவில்லை. இந்தப் பகுதிக்கு மட்டும் புள்ளி கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

அதற்குப் பிறகு காத்திருப்போர் பட்டியல். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. 2024 நவம்பர் கடைசியில், மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம், ஜீ.எஸ் பிள்ளை கடிதத்தைக் கொண்டுவந்து தந்தது. 2024 நவம்பர் மாதம் தொடக்கம் கொடுப்பனவு பெறத் தகுதியுடையவர் என்று இருந்தது. இவர் அந்தக் கடிதத்தை வாங்கி மூன்று தரம் வாசித்தார். அன்றைக்கு இரவு பாலைப்பழக் காலத்துக்குள் புதுச் சில்லுப் போட வேண்டும், வாசலுக்குச் சீமெந்துச் சரிவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் இவருக்குப் படுக்கைப்புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கூட நிற்கிற செலவு, போகவர ஓட்டோ, வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. என்னுடைய காப்பு ஒன்றை 40,000 ரூபாவுக்கு அடகு வைத்தேன். கடிதம் வராமல் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன், அம்மாவிடமோ தம்பியிடமோ கேட்டிருப்பேன். தை மாதம் காசு வரும், மாசியில் மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். கடைக்கார அண்ணையும் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் தந்தார்.

தை பிறந்து போனது. காசு வரவில்லை.

எங்கள் வீட்டில் இருந்து பிரதேச செயலகத்துக்கு 14 கிலோமீற்றர். காலையில் ஒரு பஸ் போகும், அதை விட்டால் பத்தரைக்கு. திங்களும் புதனும் பொதுமக்கள் நாள் என்பதால் அந்த நாட்களில்தான் போக முடியும், மற்ற நாள் போனால் உத்தியோகத்தர் களத்துக்குப் போயிருப்பார். தை, பங்குனி, சித்திரை, வைகாசி என்று நான்கு முறை போனேன். இவரைப் பார்த்துக்கொள்ள மாமியை விட்டுவிட்டுப் போவேன், மாமிக்கு 71 வயது, இவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க அவவால் முடியாது. அதனால் இரண்டு மணிக்கு முன்னம் திரும்பி வந்துவிட வேண்டும். மரத்தடியில் வாங்கு போட்டிருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது, யாரும் எரிந்து விழவில்லை. ஆனால் நான்கு முறையும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்.

"வரும் அக்கா. மேலிடத்தில இருந்து வந்தால் உங்கட கணக்குக்குத் தானாக விழும்."

"எப்ப தங்கச்சி வரும்?"

"அது எங்களுக்குச் சொல்லத் தெரியாது அக்கா."

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையில் தெரியாது. ஒரு விண்ணப்பம் எங்கே நிற்கிறது, யாருடைய மேசையில் நிற்கிறது என்று பார்க்கிறதுக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். அங்கீகரிக்கும் வரைக்கும் உங்களுக்கென்று ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார், அவருடைய பெயர் தெரியும், வீட்டுக்கு வருகிறார். அங்கீகரித்த பிறகு காசு வரும்வரை உங்களுடைய விஷயத்துக்குப் பொறுப்பாக ஒருவரும் இல்லை.

நான்காவது முறை, வைகாசியில், நான் எழும்பாமல் இருந்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த ஒரு ஐயா என் கடிதத்தையும் பாங்க் புத்தகத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ஓரிடத்தில் 'எச்' இருக்கிறது, வங்கிக் கணக்கில் அந்த 'எச்' இல்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். ஆறு மாதமாக எங்கள் காசு நின்றது அந்த ஒரு எழுத்தில். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள், இது எங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. கடிதம் வந்த அன்றைக்கே இரண்டையும் வைத்துப் பாருங்கள், எழுத்து எழுத்தாக.

பெயரைத் திருத்த வங்கிக்குக் கணக்குக்காரர் நேரே வர வேண்டும் என்றார்கள். ஓட்டோவுக்குப் போகவர 3,000 ரூபா. அந்த வங்கிக்கு ஏழு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு இல்லை. பொதுமக்கள் வந்து போகிற கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதி வந்தது, அதற்கு மூலமான சட்டம் 1996 இல் வந்தது. ஓட்டோக்காரத் தம்பியும் வங்கிக் காவலாளியும் இவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். நாலாவது படியில் கதிரைக் கால் ஒன்று வளைந்தது, இவர் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் தன்னுடைய சிறுநீர்ப் பையையும் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய்க் கையெழுத்து வைக்க எடுத்தது மூன்று நிமிடம். மனேஜர் அம்மா வெளியில் வந்து மன்னிப்புக் கேட்டா, அடுத்த முறை ஓட்டோவுக்கே படிவத்தைக் கொண்டுவந்து தருகிறோம், முன்னமே போன் எடுங்கள் என்றா. நல்ல மனம், நன்றி. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவர் அப்படித் தூக்கப்பட்டிருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுவதும் இவர் ஒருவரோடும் கதைக்கவில்லை.

ஜூலையில் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது, மகள்தான் வாசித்துச் சொன்னாள். 10,000 ரூபா. அந்த மாதக் காசு மட்டும். நவம்பரில் இருந்து ஜூன் வரைக்கும் எட்டு மாதக் காசு எங்கே? மறுபடி போனேன், அரியர்ஸ் பிறகு சேர்த்து வரும் என்றார்கள். எப்போது என்றால் மறுபடி அதே பதில்.

இனித்தான் நான் இந்த மதிப்புரையை எழுதுகிறதற்கான காரணமே வருகிறது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஐயா ஒருவர் இருக்கிறார், சைக்கிளுக்கு ஒட்டுப் போட வந்தவர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "பிள்ளை, வாயால கேட்டால் வாயாலதான் பதில் வரும். எழுத்தில கேள்." தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் அதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அந்த உத்தியோகத்தர் எழுதி எடுக்க வேண்டும். கொடுத்ததும் கையோடு பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு 44 வயது வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

மகள் கொப்பித் தாளில் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. மூன்றே மூன்று கேள்வி. என் கணவருக்கு எந்த மாதத்தில் இருந்து கொடுப்பனவு கணக்கிடப்படுகிறது? ஒவ்வொரு மாதத்துக்கும் எவ்வளவு? நிலுவை எந்தத் திகதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது? ஓகஸ்ட் முதல் கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கின பிள்ளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது, பிறகு ஒப்புகையில் முத்திரை குத்தித் தந்தது. சண்டை பிடிக்க வந்தேன் என்று நினைத்துவிடுமோ என்று பயந்தேன், அப்படி ஒன்றும் இல்லை. "நல்ல வேலை அக்கா, இதைக் காட்டி நானும் மேலுக்குக் கேட்கலாம்" என்று மெதுவாகச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கும் இது உதவியாகத்தான் இருந்தது.

மூன்று கிழமையில் பதிலும் வந்தது, கூடவே ஒரு கணக்குத் தாள். நவம்பர் தொடக்கம் ஜூன் வரை எட்டு மாதம், எட்டுத் தரம் 7,500, மொத்தம் 60,000. பார்த்ததும் எனக்குச் சந்தோசம்தான். மகள்தான் "அம்மா, சித்திரையில இருந்து பத்தாயிரம் எல்லோ?" என்று கேட்டாள். நவம்பரில் இருந்து மார்ச் வரை ஐந்து மாதம் 7,500 படி 37,500. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் 10,000 படி 30,000. மொத்தம் 67,500 வர வேண்டும். 7,500 குறைகிறது. ஒரு முழு மாதக் காசு. தாள் கையில் இல்லாமல், 60,000 மொத்தமாக வங்கியில் விழுந்திருந்தால் நாங்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்போம், குறைந்தது தெரிந்தே இருக்காது.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் 60,000 வந்தது. அன்றைக்கே காப்பை மீட்டேன். ஒன்பது மாத வட்டியோடு 44,600. கடைக் கொப்பியில் 11,000. மிச்சத்துக்கு இரண்டு பை பம்பேர்ஸ். அவ்வளவுதான், எட்டு மாதக் காசு ஒரு பின்னேரத்துக்குள் முடிந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிந்திக் கட்டினால் அடகுக் கடை வட்டி எடுக்கிறது. அரசாங்கம் பிந்தித் தந்தால் அதற்கு ஒரு சதமும் இல்லை, நிலுவை வந்த அன்று அது பழைய விலைவாசியின் காசு. 4,600 ரூபா என்பது இவருக்கு இரண்டு கிழமைப் பம்பேர்ஸும் மருந்தும். அந்தப் பிந்தலுக்கு விலை கொடுத்தது ஒரு அலுவலகமும் இல்லை, நாங்கள்.

குறைந்த 7,500 க்கு மறுபடி ஒரு கடிதம் எழுதி, அந்தக் கணக்குத் தாளின் கொப்பியும் வைத்துக் கொடுத்தேன். இந்த முறை ஒருவரும் "வரும்" என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டுப் பிழைதான் என்று ஒத்துக்கொண்டு, என் முன்னாலேயே திருத்தி எழுதி அனுப்பினார்கள். நவம்பரில் வந்தது. அதில் சக்கர நாற்காலிக்கு முன்சில்லு இரண்டும் மாற்றினோம், இவரே இருந்து பூட்டினார்.

மொத்தமாகப் புள்ளி போடச் சொன்னால்: வீட்டுக்கு வந்து பார்த்து அங்கீகரித்ததற்கு ஐந்து, மாதத் தொகைக்கு மூன்று, கடிதத்துக்கும் காசுக்கும் இடையிலான காத்திருப்புக்கு ஒன்று. இந்த ஒன்றும் கடைசியில் பெயரைப் பார்த்துச் சொன்ன அந்த ஐயாவுக்காக. அங்கீகாரக் கடிதத்தோடேயே இன்னொரு துண்டு வைத்து, உங்கள் வங்கிக் கணக்குச் சரியாக இருக்கிறது, முதல் காசு இந்த மாதம், நிலுவை இந்த மாதம், தவறினால் இன்னாரைக் கேளுங்கள் என்று நாலு வரி தமிழில் எழுதிவிட்டால் எத்தனை பேருக்கு எத்தனை பஸ் பயணம் மிஞ்சும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அப்புறம், வைத்திருக்க வேண்டியவை பற்றி. அங்கீகாரக் கடிதத்தின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஐந்து கொப்பி எடுத்து வையுங்கள். பாங்க் புத்தகத்தை மாதம் ஒருமுறை பதிவித்து வையுங்கள், காசு வந்த திகதி அதில்தான் இருக்கும். போகிற நாள், பார்த்த உத்தியோகத்தரின் பதவி, சொன்ன பதில், மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் முதல் மூன்று முறை எழுதவில்லை, பிறகு நாள் கேட்டபோது சொல்ல முடியாமல் நின்றேன்.

எங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டு மாமாவுக்கு வலது கண் முற்றாகவும் இடது கண் பாதியும் தெரியாது. அவருக்குக் கடிதம் வந்து ஏழு மாதம், காசு இன்னும் வரவில்லை. நேற்று அவருடைய அடையாள அட்டையையும் பாங்க் புத்தகத்தையும் வாங்கி லைற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தோம், பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அதனால் நேராகத் தகவல் கேட்கிற கடிதம்தான். மகள் எழுதி முடித்துவிட்டாள், மாமா பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டார். புதன்கிழமை முதல் பஸ்ஸில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.